ஐஸின் மேல் வைத்த பொங்கல் பானை

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தைப்பொங்கல் நாள், இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு தோட்ட வீட்டில் இது நடந்தது. வீடு என்னுடையது அல்ல. நான் வேலை செய்யும் சிஞ்ஞோராவுடையது. இங்கே பெரிய வீட்டு அம்மாக்களை மரியாதையாக சிஞ்ஞோரா என்றுதான் சொல்லுவோம்.

பலெர்மோவில் ஐஸ் கட்டுமா என்று இந்த ஊரைத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நகரத்துக்குள் கட்டாது. நான் இருக்கும் வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், தை மாதத்திலும் மாடியில் துணி காயும். ஆனால் பஸ் ஏறி மலைக்குப் போனால் அது வேறு நாடு. காற்று முகத்தை அறுக்கும். சில வருடங்களில் பனி கொட்டி, ஆரஞ்சுத் தோடை மரங்களெல்லாம் வெள்ளையாக நிற்கும்.

அந்த வருடம் சிஞ்ஞோரா பொலிதேயாமா அரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் நகரத்து வீட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து, நடை பழக்கும் இடத்தில் படுத்திருந்தார். உடம்பைப் பற்றி ஒருநாளும் அவர் கவலைப்பட்டதில்லை. அவருக்கு மலை வீட்டுக் குளத்தைப் பற்றித்தான் கவலை. பெரிய குளம் இல்லை. ஒரு அறை அளவு இருக்கும், நல்ல ஆழம். அதற்குள் செம்மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழுத்த மீன்கள். பக்கத்தில் ஒரு பெட்டி ஃபில்டர். பம்ப் தண்ணீரை இழுத்து அந்தப் பெட்டிக்குள் விடும், தண்ணீர் பஞ்சுகளுக்குள்ளால் வடிந்து சுத்தமாகி மறுபடி குளத்தில் விழும். அந்தத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சிஞ்ஞோரா காலையில் கோப்பி குடிப்பார்.

ஒருநாள் நான் அவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய மகன் வந்தார். நல்ல பிள்ளைதான், ஆனால் எல்லாவற்றையும் சுருக்கி முடிக்கப் பார்க்கும் ஆள்.

“அம்மா, இனி அந்தக் குளம் என்னத்துக்கு? மீனை ஆருக்கும் குடுத்திட்டு மண் போட்டு மூடிவிடுவம்” என்றார்.

சிஞ்ஞோரா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். எனக்கு அது பொறுக்கவில்லை.

“குளிர் முடியுமட்டும் நான் போய்ப் பாக்கிறன்” என்றேன்.

“உங்களுக்கும் வயசு போட்டுதெல்லே? அந்த மலையை ஆர் ஏறுறது?”

“மலையை பஸ் ஏறும். நான் அதுக்குள்ள இருப்பன்.”

சிஞ்ஞோரா விழுந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. பெப்ரவரியில் வந்து பார்ப்பேன், மீன்கள் செத்துக் கிடந்தால் குளத்தை மூடிவிட்டு வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க ஒரு கொம்பனியைப் போடுவேன் என்றார். கொம்பனி வந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. அதை அவர் வாயால் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் விளங்கியது.

எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். பெயரெழுதுவேன், பஸ் பலகை வாசிப்பேன். ஆனால் ஒருவர் செய்து காட்டியதை நான் மறந்ததில்லை. சிஞ்ஞோரா வழமையாகக் கூப்பிடும் குளத்து வேலைக்காரர் குளிர் தொடங்க முன்பே வந்து எல்லாம் காட்டித் தந்தார். பம்பை அடியிலிருந்து தூக்கிச் செங்கல் மேல் வைத்தார். குளிர் காலத்தில் அடித் தண்ணீரில்தான் கொஞ்சம் வெப்பம் தங்குமாம். மீன்கள் அங்கே படுத்துக் கிடக்கும், அந்தத் தண்ணீரைக் கலக்கக் கூடாது. ஃபில்டரை ஒருபோதும் நிற்பாட்டக் கூடாது, ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது என்றார்.

அதுவரை சரி. பிறகு அவர் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்குத் தொண்டையில் சிக்கின. மீனுக்குச் சாப்பாடு போடக் கூடாதாம். குளிரில் அதற்குச் செமிக்காதாம். சாப்பாடு போடாமல் ஒரு உயிரைப் பார்ப்பது எப்படி? இரண்டாவது, ஃபில்டர் பஞ்சைக் கழுவக் கூடாதாம். அதில் இருக்கும் மண்ணிற அழுக்குக்குள்தான் தண்ணீரைச் சுத்தமாக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம். என் சீவியமே அழுக்கு எடுப்பதுதான். பலெர்மோவில் நான் துடைத்த வீட்டு நிலங்களில் முகம் பார்க்கலாம். என்னைப் பிடித்து வைத்து, அழுக்கைக் காவல் பார் என்று சொன்னால் எப்படி இருக்கும்! ஆனாலும் கேட்டேன். ஃபில்டர் பெட்டிக்குக் குளிராமல் ஒரு பழைய போர்வையைச் சுற்றி, அதன் மேல் என் பருத்திச் சீலைகளைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் போட்டுக் கட்டினேன். அதைப் படம் எடுத்து என் மகள் சிஞ்ஞோராவுக்கு அனுப்பினாள். பெட்டி கல்யாணத்துக்குப் போகிறதா என்று சிஞ்ஞோரா கேட்டாராம்.

மார்கழி முழுக்க நான் போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை. தை பிறக்கும் நேரம் பார்த்துத்தான் பனி கொட்டியது. மலைப் பாதையில் பஸ் ஓடவில்லை. வீட்டில் இருந்துகொண்டு மலைப் பக்கம் பார்த்துப் பார்த்து இருந்தேன். பொங்கலன்று காலை வெயில் எறித்தது, பாதையையும் திறந்துவிட்டார்கள். மகளுக்கும் அன்று வேலை இல்லை.

“பிள்ளை, இந்த முறை மலையிலை பொங்குவம்” என்றேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரை விட்டு இங்கே வந்த நாள் முதல் நான் வெட்டவெளியில் பொங்கியதே இல்லை. மாடியில் பொங்கினால் புகை என்று மேல் வீட்டார் சத்தம் போடுவார்கள். குசினிக்குள் காஸ் அடுப்பில் பொங்கிவிட்டு, யன்னலால் சூரியனைத் தேடிக் கும்பிடுவேன். மலை வீட்டில் முற்றம் இருக்கிறது. சிஞ்ஞோராவிடம் கேட்டேன், தாராளமாகச் செய் என்றார்.

மகளின் கார் பனியால் கடைசி வளைவோடு நின்றுவிட்டது. பித்தளைப் பானையை நான் தூக்க, பாலும் அரிசியும் தண்ணீர்ப் போத்தல்களும் மகள் தூக்க, பனிக்குள்ளால் நடந்தோம். நல்ல நேரம் போய்விடும் என்று நான்தான் முன்னுக்கு நடந்தேன். முற்றத்தில் கொஞ்ச இடம் தள்ளித் துப்புரவாக்கி, மூன்று கல் வைத்து, கொட்டிலுக்குள் காய்ந்து கிடந்த ஒலிவ் விறகால் அடுப்பு மூட்டினேன். பிறகு மாவை எடுத்துக் கோலம் போடக் குனிந்தேன். மகளுக்கு சிரிப்பு அடக்க முடியவில்லை.

“அம்மா, பனிக்கு மேல வெள்ளை மா போட்டா ஆருக்கம்மா தெரியும்?”

“சூரியனுக்குத் தெரியும். நீ உன்ரை வேலையைப் பார்” என்றேன். என்றாலும் அவள் சொன்னது சரிதான். மாவை வைத்துவிட்டு மஞ்சள் தூளால் கோலம் போட்டேன். பனியின் மேல் மஞ்சள் கோலம், அதைப் போல ஒரு வடிவை நான் பிறகு கண்டதில்லை.

குளம் வீட்டுக்குப் பின்பக்கம். தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லைதான். பனி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பால் பொங்கி, அரிசியும் பயறும் போட்டு, அவை அவிந்து சர்க்கரையும் போட்ட பிறகு, மகளைக் கிண்டச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

போனதும் தெரிந்துவிட்டது. பெட்டி ஊமையாகக் கிடந்தது. கரண்ட் இல்லை. எப்போது போனதோ தெரியாது. குளம் முழுக்க ஐஸ் மூடி, அதன் மேல் பனி. குழாயின் வாயில் ஐஸ் விரல் மாதிரித் தொங்கியது.

அதைவிட நெஞ்சைத் தூக்கிப் போட்டது என்னவென்றால், குளத்தின் ஓரத்தில் ஒரு ஆள் கடப்பாரையோடு நின்றார். பக்கத்துத் தோட்டக்காரர். என் வயது இருக்கும், தலையில் எந்நேரமும் தட்டைத் தொப்பி. இத்தனை வருடத்தில் ஒருநாளும் எனக்கு வணக்கம் சொன்னதில்லை. ஐஸை உடைக்க ஓங்கிவிட்டார்.

“நில்லுங்கோ! உடைக்க வேண்டாம்!” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் கத்தினேன். அந்த அடியின் அதிர்ச்சி தண்ணீருக்குள்ளால் போய் மீனைக் கொல்லும் என்று குளத்து வேலைக்காரர் சொன்னது எனக்கு மனப்பாடம்.

அவர் கடப்பாரையை இறக்கினார். “சிஞ்ஞோரா, ரெண்டு நாளாக் கரண்ட் இல்லை. மீன் மூச்சு முட்டிச் சாகப் போகுது. இஞ்சை பாருங்கோ” என்று காட்டினார். அவர் கையால் பனியை ஒதுக்கிய இடத்தில் ஐஸ் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்குக் கீழே ஒரு வெள்ளை மீன் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. செவுள் மட்டும் மெல்லத் திறந்து மூடியது.

என்னைப் போய் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டாரே என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரம் எனக்குக் கண்ணில் தெரிந்தது மீனும், மண் போட்டு மூடிய குளமும், யன்னல் பக்கம் திரும்பிய அந்த முகமும்தான்.

மகளைக் கூப்பிட்டேன். அவள் குளத்து வேலைக்காரருக்கு ஃபோன் எடுத்தாள். அவர் ஊரில் பாதை இன்னும் திறக்கவில்லை, வர முடியாது. ஃபோனுக்குள்ளிருந்தே கத்தினார். உடைக்காதே, சுடுதண்ணீர் ஊற்றாதே, கொதிக்கிற பானை ஒன்றை ஐஸின் மேல் வை, அது தானாக உருக்கி ஓட்டை போடும், உள்ளே அடைபட்ட கெட்ட காற்று வெளியே போகட்டும், இப்போதே செய் என்றார்.

கொதிக்கிற பானைக்கு எங்கே போவது? வீட்டில் கரண்ட் இல்லாதபடியால் குழாயில் தண்ணீரும் இல்லை. பனியை உருக்கிக் கொதிக்க வைக்கலாம், அதற்கு நேரம் பிடிக்கும். எரிகிற அடுப்பு ஒன்றுதான். அதன் மேல் இருப்பது பொங்கல்.

நான் முன்பக்கம் நடந்தேன். மகளுக்கு விளங்கிவிட்டது.

“அம்மா, இன்னும் படைக்கேல்லை!”

“தெரியும்.”

“படைக்காமல் பானையை அங்கை இங்கை கொண்டு போறதே? என்னம்மா செய்யிறியள்?”

“சூரியன் முத்தத்துக்கு மட்டுமோ எறிக்குது? குளத்துக்கும்தான் எறிக்குது. அங்கை வைச்சுப் படைப்பம். கற்பூரத்தை எடுத்துக்கொண்டு வா.”

சொல்லிக்கொண்டே துணியால் பிடித்துப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக் குளத்தடிக்குக் கொண்டுபோனேன்.

பானையை அப்படியே வைத்தால் ஐஸ் உருகியதும் உள்ளே போய்விடும். மீனுக்குச் சாப்பாடே போடக் கூடாது என்ற குளத்துக்குள் ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் கவிழ்ந்தால் என்ன ஆகும்! ஃபில்டர் பெட்டியில் சுற்றியிருந்த ஒரு சீலையை அவிழ்த்தேன். பானையின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டி, இரண்டு தலைப்பையும் நீளமாக விட்டேன். குளத்தின் மூலையில் ஒரு பக்கம் நான் நின்று ஒரு தலைப்பைப் பிடித்தேன். மற்றத் தலைப்பைப் பிடிக்க மகளைப் பார்த்தேன். அவள் கையில் கற்பூரமும் தட்டும். தொப்பிக்காரர் கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்து சீலையைப் பிடித்தார்.

பானையை ஐஸில் இறக்கினோம். ‘சீ…’ என்று ஒரு சத்தம். ஆவி எழும்பி எங்கள் மூன்று பேரையும் மூடியது. மகள் குளக்கட்டில் கற்பூரம் கொளுத்தினாள். தொப்பிக்காரர் ஒரு கையால் சீலையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தொப்பியைக் கழற்றினார். நான் சூரியனைப் பார்த்தேன். எல்லோரும் பானை பொங்கி வழிய வேண்டும் என்று கும்பிடுவார்கள். ஒரு பருக்கைகூட வழியக் கூடாது என்று நான் கும்பிட்ட ஒரே பொங்கல் அது.

“பியானோ, பியானோ” என்றார் தொப்பிக்காரர். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். யாருக்குச் சொன்னார், எனக்கா பானைக்கா தெரியாது. பானை ஒரு பக்கம் சரிந்தது. நான் என் பக்கத்தை இறுக்கினேன். அடுத்த நிமிடம் கீழே ‘டப்’ என்று ஐஸ் விட்டது. சீலை விண்ணென்று இழுபட்டது.

“விட்டிடாதையுங்கோ அம்மா!”

“நான் எதை விட்டனான் இதுவரைக்கும்? நீ தள்ளி நில்.”

அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கினோம். பானை ஆடிக்கொண்டு மேலே வந்தது. அடியில் கரி கழுவுப்பட்டுப் பளபளவென்று இருந்தது. ஐஸில் பானையின் அடி அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. அதற்குள்ளிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது. சேற்று நாற்றம். அந்த நாற்றத்தை அன்று நான் வாசமென்றுதான் சொல்லுவேன்.

பிறகு பனியை அள்ளி வீட்டுச் சட்டியில் உருக்கிக் கொதிக்க வைத்து, அதைச் சட்டியோடு ஐஸில் வைத்து ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தோம். வெள்ளை மீனை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு செட்டை அசைந்தது. மெல்ல நிமிர்ந்தது. ஒரு அவசரமும் இல்லாமல் கீழே இறங்கி இருட்டுக்குள் போனது.

அதன் பிறகுதான் பசி தெரிந்தது. மூவரும் முற்றத்துக்கு வந்து பொங்கல் சாப்பிட்டோம். தொப்பிக்காரர் முதலில் ஒரு வாய் பயந்து பயந்து வைத்தார். பிறகு கோப்பையை நீட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“இவ்வளவு வருசமா ஏன் ஒரு வணக்கம் சொல்லேல்லை?”

அவர் கண்ணை அகல விரித்தார். “நானோ? நீங்களெல்லோ ராணி மாதிரித் தலையை நிமித்திக்கொண்டு போவியள். இந்த மனுசிக்கு ஆரோடையும் கதைக்க விருப்பமில்லை எண்டு நான் ஒதுங்கிப் போனனான்.”

மகள் பொங்கல் புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கரண்ட் வந்தது. தொப்பிக்காரர் சந்தோஷத்தில் சுவிட்சைப் போட ஓடினார். மறுபடியும் நான் கத்த வேண்டி வந்தது. நின்றுபோன ஃபில்டருக்குள் கிடந்த தண்ணீர் நஞ்சு மாதிரி, அதைக் குளத்துக்குள் விடக் கூடாது. பெட்டியின் அடி மூடியைத் திறந்து அந்தக் கறுத்த தண்ணீரை முழுக்கத் தோட்டத்தில் விட்டோம். பஞ்சு கையில் கொழகொழவென்று வந்தது. மகள் என் கையைப் பார்த்தாள்.

“தேய்ச்சுக் கழுவ வேணும் போல கிடக்குதோ அம்மா?”

“கிடக்குது. ஆனால் கழுவ மாட்டன்.” குளத்துத் தண்ணீரிலேயே மெல்ல அலசிப் பிழிந்து திருப்பி வைத்தேன். குழாய்க்குச் சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி ஐஸை இளக்கினோம். பிறகு சுவிட்ச் போட்டோம். பம்ப் முனகியது, இருமியது, பிறகு தண்ணீர் விழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை மகள் ஃபோனில் பதிந்து சிஞ்ஞோராவுக்கு அனுப்பினாள். நடந்ததை நான் அன்று சொல்லவில்லை. எல்லா மீனும் இருக்கிறதா என்று எனக்கே தெரியாதபோது என்னத்தைச் சொல்லுவது?

ஐஸ் முழுக்க உருகிய பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு மீன் செத்துத்தான் இருந்தது. பெரிய கிழட்டு மீன், அன்று எங்கள் கண்ணில் படாமல் அடியில் கிடந்தது. மற்றதெல்லாம் உயிரோடு இருந்தன. நான் நேரே சிஞ்ஞோராவின் கட்டிலடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகனும் இருந்தார். பானை ஐஸ் மேல் வைத்த கதையைச் சொல்லும்போது சிஞ்ஞோரா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கு வயசு போட்டுது” என்றார் செத்த மீனை. “நாங்கள் இன்னும் இருக்கிறம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மகன் பெப்ரவரியில் மலைக்கு வந்தார். குளத்தைச் சுற்றி நடந்தார், மீனை எண்ணிப் பார்த்தார், சீலை கட்டிய பெட்டியையும் பார்த்தார். கொம்பனிக் கதை எடுக்கவே இல்லை. அடுத்த குளிருக்கு முன்பு குளத்து வேலைக்காரர் ஃபோன் எடுத்து, பம்பை எப்போது தூக்கி வைக்க வரட்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். “அதை என்னட்டைக் கேக்காதையுங்கோ, அந்த சிஞ்ஞோராவோடை கதையுங்கோ” என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டாராம்.

இப்போதும் குளிருக்கு நான்தான் போகிறேன். பஸ்ஸால் இறங்கி நடக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் தட்டைத் தொப்பி தெரிந்தால், முதல் வணக்கம் நான் சொல்லிவிடுகிறேன். வயது போய்விட்டது, இனி வீட்டில் இருங்கள் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அந்தச் சீலையின் பாரம் என் உள்ளங்கைக்குத் திரும்பி வருகிறது; தூக்கக் கூடியதை நான் தூக்கினேன், மற்றத் தலைப்பை இன்னொருவர் பிடிக்கவும் விட்டேன் என்ற நிறைவு எனக்கு இன்றைக்கும் போதும்.